வெள்ளைக்கும் கறுப்புக்கும் பிறந்த கீரி நிறம்

பிறந்து நாலாம் நாள் குட்டிப்பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏழு குட்டிகள். தாய் முயல் பால் வெள்ளை, கண் சிவப்பு. தகப்பன் மூக்கிலிருந்து வால் வரை கறுப்பு. கறுப்பு விழும், இல்லை வெள்ளை விழும், ரொம்பப் போனால் இரண்டும் கலந்த புள்ளி விழும் என்று நினைத்திருந்தேன். பெட்டிக்குள் ஏழும் ஒரே அச்சாக, முதுகு கருத்து, வயிறும் காதின் உட்பக்கமும் வெளுத்துக் கிடந்தன. ரோமம் முளைக்க முளைக்கப் பழுப்பும் கறுப்பும் பின்னிய ஒரு நிறம் முதுகில் ஏறியது. எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், கிளுவை வேலிக்கடியில் விடியற்காலையில் பதுங்கியிருக்குமே காட்டுமுயல், அந்த நிறம்.

அப்பாரு (தாத்தாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். "வேலி தாண்டி ஒண்ணு வந்துட்டுப் போயிருக்குது கண்ணு" என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அதையேதான் சொன்னார். ஆனால் என் கூண்டுகள் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், கம்பிவலை அடித்து, கொக்கி போட்டு நிற்கின்றன. காட்டுமுயல் வந்தாலும் உள்ளே போக வழியில்லை. போனாலும் குட்டி பிறக்காது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் காட்டுமுயலுக்கு 48 குரோமோசோம்கள். நாம் கூண்டில் வளர்ப்பது ஸ்பெயின் பக்கத்துக் குழிமுயலின் வழிவந்தது, அதற்கு 44. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு சாதி விலங்குகள். காட்டுமுயல் குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடு கண் திறந்து பிறக்கும். கூண்டு முயல் குட்டி மொட்டையாகப் பிறந்து பத்தாம் நாள் வாக்கில்தான் கண் திறக்கும்.

காட்டுமுயல் இல்லையென்றால் யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும். என் புத்தி அப்படித்தான் போனது. வெள்ளைப் பெட்டைகளைக் கொடுத்தவருக்குப் போன் போட்டு, கலப்புச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று சத்தம் போட்டேன். அவர் பதறிப்போனார். "ஏனுங் தம்பி இப்படிச் சொல்லிப்போட்டீங்க? நம்மகிட்ட வெள்ளைக்கு வெள்ளைதானுங்க. பத்து வருசமா வேற நிறம் ஒண்ணுகூட விழுந்ததில்லீங்க" என்றார். நான் நம்பவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன்.

அவர் சொன்னது முழு உண்மை. என் ஏழு குட்டிகளுக்கான விளக்கமே அந்த உண்மைக்குள்தான் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. புரிந்த அன்று பஸ் ஏறிப்போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த ஒரு வருடத்தில் கற்றதையும், அதற்குப் பின் கற்றதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் மற்றதைச் சொல்வது சுலபம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் இருந்தேன். பையர் அனுப்பும் துண்டுத் துணியைப் பார்த்து அதே ஷேடுக்கு ரெசிப்பி எழுதி, சின்ன பீக்கரில் லேப் டிப் என்ற மாதிரிச் சாயம் போட்டு, லைட் பாக்ஸுக்குள் வைத்து ஒத்துப் பார்க்கும் வேலை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யல் ஓடின நிலைமைக்கு அது வரவேண்டிய உத்தரவுதான். ஆனால் மாதச் சம்பளம் நின்றுவிட்டது. ஊத்துக்குளிக்கும் காங்கேயத்துக்கும் நடுவே இருக்கும் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்து, தென்னங்கீற்றுக் கொட்டகையில் பத்துக் கூண்டு போட்டேன். ஆரம்பத்தில் கறிக்காகத்தான். தீவனத்துக்கு வேலிமசாலும் முருங்கைத்தழையும் தோட்டத்திலேயே இருந்தன. அப்புறம் அந்த ஏழு குட்டிகள் பிறந்தன. அதோடு கறி வியாபாரம் மறந்து நிறத்தின் பின்னால் போய்விட்டேன். பட்டறைகள் திறந்த பின் மறுபடி லேப் வேலைக்குப் போனாலும் காலையும் மாலையும் கூண்டடியில்தான் இருக்கிறேன்.

சரி, வெள்ளைக்கு வருகிறேன்.

பட்டறையில் வெள்ளை என்றால் ப்ளீச் போட்ட துணி. அதன்மேல் எந்தச் சாயத்தையும் ஏற்றலாம். முயலின் வெள்ளையையும் அப்படியே நினைத்திருந்தேன், கறுப்பு ஒரு நிறம் என்றால் வெள்ளை இன்னொரு நிறம் என்று. அங்கேதான் தவறு. நியூசிலாந்து வெள்ளை என்ற இந்த முயல் இனத்தின் உடம்பில் எல்லா நிறத்துக்கும் ரெசிப்பி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மெயின் சுவிட்ச் மட்டும் அணைந்திருக்கிறது. மெலனின் என்ற சாயத்தை உண்டாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதிக்கான மரபணுவை முயல்காரர்கள் சி என்ற எழுத்தால் குறிக்கிறார்கள். பெரிய சி வேலை செய்யும், ஒன்று வந்தாலே போதும்; சின்ன சி செய்யாது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டுமே சின்ன சி-யாக வந்துவிட்டால் ஒரு ரோமத்தில்கூடச் சாயம் ஊறாது. கண்ணிலும் ஊறாததால் உள்ளே ஓடும் ரத்தமே தெரிந்து கண் சிவக்கிறது.

இதில் நான் நெடுநேரம் நின்ற இடம் ஒன்று உண்டு. சுவிட்ச் அணைந்த வீட்டில் எந்த அறைக்கு எந்தக் கலர் பல்பு மாட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. வெள்ளைக்கு வெள்ளையைச் சேர்த்தால் சின்ன சி-யோடு சின்ன சி சேர்ந்து வெள்ளைதான் விழும். பத்து வருடம் என்ன, நூறு வருடம் ஆனாலும் அதுவேதான். அந்த மனிதர் சொன்னது எவ்வளவு சத்தியம்! வெள்ளைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர் பண்ணையில் அவருக்கே தெரிய வழியில்லை. என் கறுப்பன் பெரிய சி-யைக் கொண்டுவந்து கொடுத்ததும் சுவிட்ச் விழுந்தது. தாய்க்குள் தலைமுறை தலைமுறையாக இருட்டில் இருந்த நிறம் வெளியே வந்தது.

அந்த நிறத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு குட்டி ரோமம் உதிர்க்கும் பருவத்தில் முதுகிலிருந்து ஒற்றை மயிரை எடுத்து, லேபுக்குக் கொண்டுபோய் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சம் தரும் டி65 விளக்கின் கீழ், வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்தேன். அடியில் பலகைக்கல் சாம்பல். நடுவில் தேன் கலந்த மாதிரி ஒரு மஞ்சள் பட்டை. நுனி கறுப்பு. ஒரே மயிருக்குள் மூன்று ஷேடு. எங்கள் தொழிலில் ஒரே நூலில் இடைவெளி விட்டு நிறம் மாற்றுவதை ஸ்பேஸ் டை என்போம், அதற்குத் தனி மெஷின் வேண்டும். இங்கே ஒரு மயிர்க்காலுக்குள் அது நடக்கிறது. மயிர் முளைக்கும்போது முதலில் உருவாவது நுனிதான், அப்போது கறுப்பு. பிறகு கொஞ்ச நாள் ஏ என்று குறிக்கப்படும் மரபணுவின் புரதம் வந்து, கறுப்பை நிறுத்து, மஞ்சளைப் போடு என்கிறது. அது விலகியதும் மறுபடி கரிய சாயம் ஊறுகிறது. வெளியே நின்று பார்க்கிற நமக்கு மூன்றும் கலந்து காட்டுமுயல் நிறமாகத் தெரிகிறது. கீரிப்பிள்ளையின் ரோமத்திலும் இதே பட்டைகள்தான். அதனால் என் நோட்டில் இந்த நிறத்துக்குக் கீரி என்றே பெயர். ஆங்கிலத்தில் அகூட்டி என்கிறார்கள்.

முதுகு ரோமத்தை எதிர்ப்பக்கமாக வாயால் ஊதினால் இந்தப் பட்டைகள் வட்ட வட்டமாக விரியும், தண்ணீரில் கல் போட்ட மாதிரி. கண்காட்சிகளில் நடுவர்கள் முயலைத் தூக்கி முதுகில் ஊதிப் பார்ப்பது இதற்காகத்தான். வளையம் எத்தனை, ஒவ்வொன்றின் எல்லையும் தெளிவாக இருக்கிறதா, மங்கிக் கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதல்முறை அதைச் செய்து பார்த்த அன்று அம்மாவைக் கூப்பிட்டு, அப்பாருவைக் கூப்பிட்டு, பால் ஊற்ற வந்தவரைக்கூடக் கூப்பிட்டு ஊதிக் காட்டினேன்.

ஏ-யும் இரண்டு வகைதான் என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள் (நடுவில் இன்னொன்று உண்டு, முதுகு கறுத்து வயிறு மட்டும் வெளுத்திருக்கும் வகை). பெரிய ஏ பட்டை போடும். சின்ன ஏ பட்டை போடாது, மயிர் முழுக்க ஒரே நிறம். இரண்டு சின்ன ஏ சேர்ந்தால்தான் முழுக் கறுப்பு. அதாவது, பார்ப்பதற்கு அடர்ந்து, அழுத்தமாக, எல்லாவற்றையும் மூடிவிடும்போல இருக்கும் கறுப்புதான் இங்கே ஒடுங்கு பண்பு. மங்கலாகத் தெரியும் கீரி ஓங்கு பண்பு, பெரிய ஏ ஒன்று வந்தாலே போதும். சாயக்காரனாகிய எனக்கு இது சுலபத்தில் ஏறவில்லை. எங்கள் தொழிலில் கறுப்பு போட்டால் எல்லாம் முடிந்தது, அதன்மேல் எதுவும் நிற்காது.

இப்போது கணக்கு நேரானது. என் வெள்ளைத் தாயிடம் இரண்டு பெரிய ஏ, இரண்டு சின்ன சி. கறுப்பனிடம் இரண்டு சின்ன ஏ, இரண்டு பெரிய சி. குட்டிகள் தாயிடமிருந்து பட்டையையும் தகப்பனிடமிருந்து சுவிட்சையும் வாங்கிக்கொண்டன. ஏழும் கீரி. யாரும் வேலி தாண்டவில்லை.

மெண்டல் பட்டாணியை வைத்து எழுதியது 1866-ல். உலகம் அதைத் திரும்பக் கண்டெடுத்தது 1900-ல். அமெரிக்காவில் வில்லியம் காஸில் என்ற விஞ்ஞானி கினிப் பன்றிகளிலும் முயல்களிலும் ரோம நிறம் எப்படி இறங்குகிறது என்பதை 1905-லேயே நூலாக வெளியிட்டுவிட்டார். நூறு வருடத்துக்கு முன்னால் தீர்த்துவைத்த விஷயத்துக்காக ஒரு நல்ல மனிதரைப் போனில் திட்டியிருக்கிறேன் என்ற எண்ணம் இன்னும் உறுத்துகிறது.

படித்ததைச் சோதிக்காமல் விட மனம் வரவில்லை. அதே கறுப்பனை இன்னொரு வெள்ளைத் தாய்க்கும் சேர்த்திருந்தேன், அங்கேயும் எல்லாம் கீரி. ஒரு தாயின் மகனையும் மற்ற தாயின் மகளையும் எடுத்துச் சேர்த்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஒரே அப்பனுக்குப் பொறந்ததை யாராச்சும் கட்டிக்கொடுப்பாங்களா?" என்று கேட்டாள். அவள் சொன்னதில் நியாயம் உண்டு. நெருங்கிய ரத்தத்தில் ஒளிந்திருக்கும் கோளாறுகளும் ஜோடி சேரும். அதனால் அந்தச் சோதனையை இரண்டு ஈற்றோடு நிறுத்திக்கொண்டேன். அதில் பிழைத்த குட்டிகள் 13. கீரி எட்டு, கறுப்பு இரண்டு, வெள்ளை மூன்று. ஏடு சொல்லும் கணக்கு பதினாறில் ஒன்பது கீரி, மூன்று கறுப்பு, நாலு வெள்ளை. அந்த ராத்திரி நோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தாத்தாவின் கறுப்பும் பாட்டியின் வெள்ளையும் ஒரு தலைமுறை காணாமல் போய், கரையாமல், கலங்காமல் திரும்பி வந்திருந்தன. பீக்கரில் ஊற்றிய கறுப்பையும் மஞ்சளையும் மறுபடி பிரித்தெடுக்க எந்த மாஸ்டராலும் முடியாது.

கறுப்பு என்று எழுதிய இரண்டில் ஒன்றின்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. ரோமம் மூடியதும் தெரிந்தது, அது கறுப்பில்லை. மழைக்கு முன் வானம் இருக்குமே அந்தச் சாம்பல் நீலம். கண்ணும் சாம்பல். முயல்காரர்கள் இதைப் புளூ என்கிறார்கள். இது டி என்ற மரபணுவின் வேலை. புளூவிலும் சாயம் கறுப்பேதான். ஆனால் சாயத் துகள்கள் மயிருக்குள் சீராகப் பரவாமல் கட்டிகட்டியாகச் சேர்ந்து நிற்கின்றன. இடையிடையே வெளிச்சம் புகுந்து வெளிவருவதால் நிறம் வெளிறித் தெரிகிறது. சாயத்தைச் சீராகப் பரவவைக்கும் டிஸ்பர்ஸிங் ஏஜென்ட் சரியாகப் போடாத சாயத் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அந்தப் புளூ குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் தொட்டியில் நடந்தால் ரிஜெக்ட் ஆகும் விஷயம் இங்கே எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்தேன்.

புளூ தெரிய வேண்டுமென்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் சின்ன டி வந்திருக்க வேண்டும். இரண்டு வெள்ளைத் தாய்களுக்கும் பொது ஆள் கறுப்பன். அவன்தான் சுமந்திருப்பான் என்று கணக்குச் சொன்னது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து உறவில்லாத ஒரு புளூ பெட்டையை வாங்கி வந்து சேர்த்தேன். ஆறு குட்டியில் இரண்டு புளூ. ஒன்று விழுந்தாலே போதும், அவன் சுமக்கிறான் என்று முடிவு. சுமக்கவில்லை என்று சொல்வதுதான் கடினம். ஒருவன் சுமப்பவனாக இருந்தும் ஏழு குட்டியும் கறுப்பாகவே விழ 128-ல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதனால் என் நோட்டில் இல்லை என்று எழுத மாட்டேன். ஏழு பார்த்தேன், காணோம் என்றுதான் எழுதுவேன்.

பி என்ற எழுத்துக் கறுப்பைச் சாக்லேட் ஆக்கும். சாக்லேட்டும் புளூவும் ஒரே உடம்பில் சேர்ந்தால் லைலாக், புறாக்கழுத்தின் இளஞ்சாம்பல் மாதிரி. ஈ என்ற எழுத்து கறுப்புச் சாயத்தைப் பின்னுக்குத் தள்ளி மஞ்சளையும் செம்மையையும் முன்னால் விடும். இவற்றோடு எனக்கு இன்னும் அதிகப் பழக்கமில்லை. என் கொட்டகையில் சாக்லேட் ஒரே ஒருமுறைதான் விழுந்திருக்கிறது.

சி-யில் மட்டும் சொல்லித் தீராத கதை இருக்கிறது. சுவிட்ச் முழுக்கப் போட்டது, முழுக்க அணைந்தது என்ற இரண்டுக்கும் நடுவில் படிகள் உண்டு. ஒரு படியில் மஞ்சள் மட்டும் போய்விடும், கறுப்பு நிற்கும். அதுதான் சின்சில்லா. கொடைக்கானல் மலைமேல் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே வளர்க்கும் சோவியத் சின்சில்லாவை ஊதிப் பாருங்கள். கீரியின் தேன் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் முத்து வெள்ளை இருக்கும். பட்டை அதே இடத்தில் அதே அகலத்தில் இருக்கிறது, மஞ்சள் மட்டும் வடிந்துவிட்டது.

அதற்கும் கீழே ஒரு படியில் இமாலயன். உடம்பெல்லாம் வெள்ளை. மூக்கு, காது, பாதம், வால் மட்டும் கறுப்பு. குன்னூரிலிருந்து ஒரு பெட்டை வாங்கி வந்தேன், காதெல்லாம் கரி மாதிரி இருந்தது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கொட்டகைக்குச் சாக்கு நனைத்துக் கட்டி, பாட்டிலில் ஐஸ் வைத்துக் காப்பாற்றினேன். அந்தக் கோடை முடிந்து ரோமம் மாறியபோது காது தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. சத்துக் குறைவு என்று நினைத்துத் தீவனத்தை மாற்றினேன், தாது உப்புக் கொடுத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

காரணம் வெயில்தான். இமாலயனின் டைரோசினேஸ் சூட்டில் வேலை செய்யாத வகை. முயலின் உள்ளுடம்பு 39 டிகிரியை ஒட்டி இருக்கும், அந்தச் சூட்டில் நொதி குலைந்துவிடுகிறது. மூக்கு நுனி, காது, பாதம் இவை குளிர்ந்த இடங்கள், அங்கே மட்டும் சாயம் ஊறுகிறது. சயாமீஸ் பூனைக்கும் இதே கதைதான். இமாலயன் முயலின் முதுகில் ரோமத்தை மழித்துவிட்டு ஐஸ் பொட்டலம் கட்டிவைத்தால் அந்த இடத்தில் கறுப்பு ரோமம் முளைக்கும் என்பது உயிரியல் பாடங்களில் வரும் பழைய சோதனை. நாங்கள் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் 60 டிகிரிக்குச் சூடேற்றினால்தான் நன்றாகப் பிடிக்கும். இங்கே எல்லாம் தலைகீழ், ஆறினால்தான் பிடிக்கிறது.

அவளுடைய குட்டிகளில் ஒரு ஜோடியைத் தாளவாடியில் இருக்கும் சிநேகிதனுக்குக் கொடுத்தேன். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறினால் அவன் ஊர், இங்கே விசிறி ஓடும்போது அங்கே போர்வை வேண்டும். அடுத்த தையில் படம் அனுப்பினான். அவன் முயலின் காது அடுப்புக்கரி. என்னிடம் இருந்த அதே ஈற்றுச் சகோதரியின் காது மரப்பழுப்பு. தாய் ஒன்று, தகப்பன் ஒன்று, எழுத்து ஒன்று, இருக்கும் ஊர் மட்டும் வேறு. இன்னொரு மார்கழியில் ஒரு இமாலயன் தாய் தன் மார்பு ரோமத்தைச் சரியாகப் பிடுங்கிப் பெட்டியில் நிரப்பாமல் விட்டாள். குட்டிகள் குளிரில் கிடந்தன. நான் தேங்காய் நாரும் பஞ்சும் வைத்து மூடுவதற்குள் ஒரு ராத்திரி போய்விட்டது. பிழைத்த இரண்டு குட்டிக்கும் முதுகில் சாம்பல் பூத்திருந்தது. அடுத்த ரோம மாற்றத்தில் அது தானாகவே மறைந்தது. பட்ட குளிரை உடம்பு கொஞ்ச நாள் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்தது.

கனத்த விஷயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

கோவையில் ஒரு செல்லப்பிராணிக் கண்காட்சியில் ஒரு கடுவனைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். கிட்டத்தட்ட முழு வெள்ளை. மூக்குக்குக் கீழே மட்டும் சின்னதாகக் கறுப்பு மீசை, கண்ணைச் சுற்றி மை, காது கறுப்பு. மீசை என்றே பெயர் வைத்தோம். விற்றவர், இவனை எந்தப் பெட்டைக்குப் போட்டாலும் எல்லாக் குட்டியும் புள்ளியாக விழும், வியாபாரத்துக்குத் தங்கம் என்றார். சொன்னது போலவே விழுந்தது. திருப்பூர், ஈரோட்டிலிருந்து வந்து குழந்தைகளோடு வாங்கிப்போனார்கள். நான் மகிழ்ந்தேன்.

புள்ளிக்குக் காரணமான மரபணு ஒன்று வந்தால் உடம்பில் அழகான திட்டுகள். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து ஜோடியாகிவிட்டால் நிறம் சுருங்கி மீசையும் மையும்தான் மிஞ்சும். சாப்ளின் மீசையை வைத்து இவற்றுக்குச் சார்லி என்று பெயர். எல்லாக் குட்டிக்கும் புள்ளி விழுந்ததன் காரணம் இதுதான், கொடுக்க அவனிடம் வேறு இல்லை. ஆனால் அந்த மரபணுவின் வேலை தோலோடு முடிவதில்லை. தோலில் நிறச்செல்கள் பரவுவதற்கு எது வேண்டுமோ, அதுவே குடலை அசைத்துத் தள்ளும் செல்களுக்கும் வேண்டும். ஜோடியாகிவிட்ட பல முயல்களுக்குப் பெருங்குடல் தளர்ந்து வீங்கிப்போகிறது. மீசையின் புழுக்கை மற்றவற்றைப் போல உருண்டையாக இருக்காது. பெரிதாகக் கோணலாக இருக்கும், சில நாள் களிமண் மாதிரி. நன்றாகத் தின்பான், உடம்பு ஏறாது, வயிறு மட்டும் உப்பும். கால்நடை மருத்துவரிடம் இரண்டு முறை தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு வயது முடிவதற்குள் ஒரு விடியற்காலையில் கூண்டு மூலையில் விறைத்துக் கிடந்தான். எல்லாச் சார்லிக்கும் இந்த முடிவு வருவதில்லை. ஆனால் வரும் என்று தெரிந்த பின், புள்ளிக்குப் புள்ளியைச் சேர்ப்பதை நான் அடியோடு விட்டுவிட்டேன். அப்படிச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒன்று சார்லி. புள்ளியை ஒற்றை நிறத்தோடு சேர்த்தால் பாதி புள்ளி, பாதி ஒற்றை நிறம், சார்லி ஒன்றுகூட இல்லை. பாதிக் குட்டிக்கு விலை குறையும், அவ்வளவுதான். வாங்க வருகிறவர்களிடமும் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். கண்காட்சிக்கென்று வளர்க்கும் சிலர் எல்லாம் தெரிந்தும் செய்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சு நின்றுபோனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

அப்பாருவுக்கு இந்த எழுத்துக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. காங்கேயம் மாட்டோடு வளர்ந்தவர். மயிலை (சாம்பல்), காரி (கறுப்பு), செவலை (சிவப்பு) என்று நிறத்தைப் பேராக வைத்தே மாட்டைக் கூப்பிட்டுப் பழகியவர். செவலையாகப் பிறக்கும் காங்கேயம் கன்று ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும். காளையாக நின்றால் திமிலும் தோளும் கருக்கும். "பொறந்த நெறத்தை வெச்சுக் கன்னுக்குப் பேர் வெக்காதே. தாயைப் பாரு, தாயைப் பெத்ததைப் பாரு" என்பார். ஆரம்பத்தில் வேலி தாண்டின கதையைச் சொன்னவர் அவர்தான். 13 குட்டிக் கணக்கைக் காட்டிய அன்று நோட்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா அந்த வெள்ளைக்குள்ள கீரி உக்காந்துட்டு இருந்திருக்குது" என்றார். ஒரு வருடம் படித்து நான் சேர்த்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இப்போது அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கண்ணில் பாதி போய்விட்டது. ஈற்று நடந்தால் கட்டிலைக் கொட்டகைப் பக்கம் போடச் சொல்லி உட்கார்ந்துகொள்கிறார். குட்டியை ஒவ்வொன்றாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பேன். கை நிறைய அந்தச் சூடு. "என்ன நெறங் கண்ணு?" என்று கேட்பார். காரி, கீரி, புளூ என்று சொல்வேன். புளூவை மட்டும் அவர் மயிலை என்றே சொல்கிறார். நானும் நோட்டில் மயிலை என்று எழுத ஆரம்பித்துவிட்டேன்.

போன வாரம் ஒரு சின்சில்லா பெட்டையை, ஏற்கனவே வெள்ளைக் குட்டி கொடுத்துச் சின்ன சி-யைச் சுமப்பது உறுதியான ஒரு கறுப்பனோடு சேர்த்திருக்கிறேன். சின்சில்லாவுக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான். சிவப்புக் கண் வெள்ளை ஒன்று விழுந்தாலும் அவளும் சின்ன சி-யைச் சுமக்கிறாள் என்று அர்த்தம். அவளுடைய தாய், பாட்டி ஈற்றுகளின் கணக்கு எனக்குக் கிடைத்த வரையில் அவற்றில் வெள்ளையே இல்லை. அதனால் விழாது என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாரு, "ஒண்ணு விழுகும் பாரு" என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். 31 நாள் சினைக் கணக்கில் மார்கழி 7-ம் தேதி ஈற்று. பெட்டியில் நார் போட்டு, டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கி வைத்தாயிற்று.